ப்ளூ நோட்ஸ் ரெக்கார்டை நாலு பேரா உக்காந்து கேக்குறது எப்படி

ப்ளூ நோட்ஸ்ங்கறது ஒரு தென்னாப்பிரிக்க ஜாஸ் பேண்ட். முதல்லயே சொல்லிடுறேன், ஃப்ரீ ஜாஸ், இம்ப்ரோவைசேஷன் மாதிரி, அந்தந்த நேரத்துல தோணுறத வாசிக்கிற மியூசிக்க தனியா ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டா நிறைய பேர் பாதிலயே நிறுத்திடுறாங்க, அதனால நாலு பேரா கேளுங்க. தென்னாப்பிரிக்கால டர்பன் நகரத்து சாட்ஸ்வர்த்ல எங்க வீட்டு ஹால்ல மாசத்துல ஒரு சனிக்கிழமை ஆறேழு பேர் கூடுறோம், அதுல பழகினதைத்தான் இங்க எழுதுறேன்.

எதுல ஆரம்பிக்கலாம்னா, இந்த ஊர்லயே. ப்ளூ நோட்ஸ் 1964ல நாட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி டர்பன்ல வாசிச்ச கச்சேரிய ஓகன்ங்கற ரெக்கார்ட் கம்பெனி 1995ல 'லெகசி'ங்கற பேர்ல வெளியிட்டாங்க. பியானோ கிறிஸ் மெக்ரெகர் வெள்ளைக்காரர், மத்தவங்க எல்லாம் கறுப்பினத்தவங்க, அரசாங்கமே இனம் பிரிச்சு வெச்ச அந்த அப்பார்தைட் காலத்துல இப்படி ஒரு பேண்ட் சேர்ந்து மேடை ஏறுறதே பெரும்பாடு. இதுல மெட்டு இருக்கு, தாளம் இருக்கு, கால் தானா ஆடும். ரெண்டு தடவை போடுங்க. ரெண்டாவது தடவை மொங்கெசி ஃபெசாவோட ட்ரம்பெட்ட மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க, எங்க உள்ள வர்றாரு, டுடு புக்வானா சாக்ஸ் வாசிக்கிறப்ப எங்க குறுக்க பேசுறாருன்னு. இத மட்டும் விட்டுடாதீங்க, அடுத்த மாசத்துக்கு இதுதான் அஸ்திவாரம்.

அடுத்த மாசம் 'ப்ளூ நோட்ஸ் ஃபார் மொங்கெசி'. 1975 டிசம்பர் 14ல ஃபெசா லண்டன்ல இறந்துட்டார், 30 வயசுதான். ஒன்பது நாள் கழிச்சு, அஞ்சலிக் கூட்டம் முடிஞ்ச கையோட மெக்ரெகர், புக்வானா, பேஸ் (பெரிய வயலின் மாதிரி, நின்னு வாசிக்கிறது) ஜானி டியானி, ட்ரம்ஸ் லூயிஸ் மொஹோலோ நாலு பேரும் ஒரு ரிகர்சல் ரூமுக்குப் போய் எதையும் பேசி வெச்சுக்காம வாசிச்சதுதான் இது. சாவு வீட்டுல ஒப்பாரி கேட்டவங்களுக்கு இதுக்கு விளக்கமே வேண்டாம், ஒருத்தி எடுத்துக் கொடுப்பா, பக்கத்துல இருக்கறவ வாங்கிக்குவா, நடுவுல எல்லாரும் ஓஞ்சு போய் மூக்கச் சிந்திட்டு உக்காந்திருப்பாங்க, திடீர்னு ஒரு மூலைல இருந்து மறுபடி கிளம்பும். போன மாசம் ட்ரம்பெட் பின்னாடியே போன காது இப்ப அதைத் தேடும், சாக்ஸ் தனியா நிக்கிற இடத்துல அந்த வெற்றிடம் நெஞ்சுல வந்து உக்காரும். முழுசையும் ஒரே ராத்திரில போட வேண்டாம், 2008ல வந்த பாக்ஸ் செட்ல இது மட்டுமே ரெண்டு சிடி. முதல் பகுதி போதும், ஆனா நடுவுல நிறுத்தாதீங்க, டீ அப்புறம்.

பேசுறதுக்கு ஒரு வழி வெச்சிருக்கோம். கேக்குறப்பவே ஆளுக்கொரு பேப்பர்ல எத்தனாவது நிமிஷம், என்ன சத்தம், அவ்வளவுதான் குறிச்சுக்கணும். முதல் பத்து நிமிஷம் 'நல்லாருக்கு', 'வெறும் இரைச்சல்' ரெண்டும் சொல்லக் கூடாது. ஒரு தடவை ஒரு உராய்ற சத்தம் ட்ரம்ஸோட வெண்கலத் தட்டு, அந்த சிம்பலா, இல்ல பேஸ்ல வில் போட்டு இழுக்கறாங்களான்னு எனக்கும் ஃப்ரெண்டுக்கும் பெரிய வாக்குவாதம், அந்த இடத்தை மட்டும் மூணு தடவை போட்டுக் கேட்டோம், வில்லுதான், அவன் சொன்னதுதான் சரி. ஆனா அந்தச் சண்டைக்கு அப்புறம் அந்த இடம் எங்க ரெண்டு பேருக்கும் மனப்பாடம்.

நேர்ல கேக்கப் போனா சின்ன ஹால்ல முன் வரிசை ஓரமா உக்காருங்க, யாரு யாரப் பாத்து வாசிக்கிறாங்கன்னு தெரியும், பாதி விஷயம் அந்தப் பார்வையிலதான் இருக்கு. ரெக்கார்ட் பண்றதா இருந்தா வாசிக்கறவங்ககிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. ஃபோன்ல ஆட்டோ லெவல், அதாவது சத்தத்தை தானா ஏத்தி இறக்குறது, இருந்தா கண்டிப்பா ஆஃப் பண்ணுங்க. எனக்கு ஒரு கச்சேரியே அதுல போச்சு, ட்ரம்மர் ப்ரஷ்ஷால மெதுவா தேய்ச்ச நேரத்துல ஃபோன் தானா சத்தத்தை ஏத்தி ஃபேன் சத்தத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு, சாக்ஸ் நுழைஞ்சதும் எல்லாம் கிழிஞ்சு போச்சு. இந்த மியூசிக்ல சின்னதுக்கும் பெருசுக்கும் உள்ள தூரம்தான் உயிரே. லெவலை கைல செட் பண்ணி, அதிகபட்ச சத்தமே ரெக்கார்டிங் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாத மாதிரி வைங்க, ஃபைலை சுருக்காத 24 பிட் வேவ் (WAV) ஃபார்மட்ல எடுங்க. வீட்டுக்கு வந்ததும் தேதி, இடம், யார் யார் என்ன வாசிச்சாங்கன்னு ஃபைல் பேர்லயே போட்டு முதல் காப்பிய அவங்களுக்கு அனுப்புங்க, வெளில போடலாமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்.