பெங்களூரு குளிர் சாம்பாரைக் காக்காது

"சென்னைன்னா மத்தியானத்துக்குள்ள ஊசிப் போயிரும் அண்ணே. இங்க சாயந்திரம் வரைக்கும் தாங்கும்."

பெங்களூரு அல்சூரில் ஒரு ஓட்டலில் நான் கிச்சன் சூப்பர்வைசராக இருந்தபோது, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தேங்காய்ச் சட்னி பக்கெட்டைக் காட்டி இப்படிச் சொன்னார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து இங்கே ஓட்டல் வேலைக்கு வரும் நம் ஆட்கள் பலருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. நான் பார்த்த தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

உணவில் கிருமி வேகமாகப் பெருகும் சூடு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. பெங்களூரின் 25 டிகிரியும் சென்னையின் 35 டிகிரியும் இதற்குள்தான் வருகின்றன. நமக்கு வியர்க்கவில்லை என்பதால் சட்னி பத்திரமாக இருக்கிறது என்று ஆகாது.

சட்னியையே எடுத்துக்கொள்வோம். தாளிப்பைத் தவிர அதில் எதுவும் அடுப்பைப் பார்ப்பதில்லை. தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய், தண்ணீர், அவற்றோடு அரைப்பவரின் கை. காலை 6 மணிக்கு அரைத்தது 9 மணிக்குப் பாதியாகும்போது புதுச் சட்னியை அதே பக்கெட்டில் ஊற்றுகிறோம். 11 மணிக்கு இன்னொரு முறை. கடைசியாக வரும் வாடிக்கையாளரின் தட்டிலும் 6 மணிச் சட்னி கொஞ்சம் இருக்கும். பழையதில் பெருகிய கிருமிக்குப் புதுச் சட்னி நல்ல தீனி. நாங்கள் செய்த மாற்றம் இதுதான்: சின்னப் பாத்திரத்தில் இரண்டு மணி நேரத்துக்குப் போதுமான அளவு மட்டும் அரைப்பது, அரைத்த நேரத்தை டேப்பில் எழுதி ஒட்டுவது, தீர்ந்ததும் கழுவிய வேறு பாத்திரத்தில் அடுத்தது. வெளியில் நான்கு மணி நேரம் இருந்துவிட்டால் கொட்டிவிட வேண்டும். தேங்காய் விற்கும் விலையில் முதலாளிக்கு மனசு வராது, எனக்கும் வராது. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கச் சொல்கிறேன்.

"மோந்து பாருங்க, நல்லாத்தான் இருக்கு" என்ற பேச்சையும் விட்டுவிட வேண்டும். உணவைப் புளிக்கவும் நாறவும் வைக்கும் கிருமிகள் வேறு, ஆளைப் படுக்க வைக்கும் கிருமிகள் வேறு. இரண்டாவது வகை மணத்தையோ ருசியையோ மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதைவிட ஆழமாக வேரோடியது "திரும்பக் கொதிக்க வெச்சா சரியாயிரும்" என்பது. ஃபிரைடு ரைஸ் கடைகளில் மதியம் வடித்த சோற்றை இரவு வரை வெளியே ஆறவிடுகிறார்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதியில் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சை எவ்வளவு பெரிய தீயில் வாணலியைப் புரட்டினாலும் அழிக்க முடியாது. சாப்பிட்டவருக்கு அரைமணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் குமட்டல் தொடங்கிவிடும். வடித்த சோற்றை அகலமான தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் ஏற்றுவதுதான் வழி.

அண்டா சாம்பாரும் குருமாவும் இதே கதை. மேலே ஆறியதுபோலத் தெரியும், நடுவில் மணிக்கணக்காகச் சூடு நிற்கும். 45 டிகிரியை ஒட்டிய அந்தச் சூட்டில், க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும். இறைச்சிக் குருமா அதற்கு மிகவும் பிடித்த இடம். அண்டாவை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளினால் உள்ளே இருக்கும் பாலும் தயிரும்தான் சூடாகும். நான்கைந்து ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறுங்கள். 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும். அடுத்த நான்கு மணி நேரத்தில் 5 டிகிரிக்கு வர வேண்டும். மறுபடி பரிமாறும்போது நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும். விரலை வைத்துப் பார்த்து இது தெரியாது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று ஒவ்வொரு கிச்சனிலும் இருக்க வேண்டும்.

மிலிட்டரி ஓட்டல் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பச்சைக் கோழியைக் குழாயடியில் அலசும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்தில் இருக்கும் வெங்காயத்திலும் கொத்தமல்லியிலும் விழுகின்றன. கோழி வெந்துவிடும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் வெங்காயம் வேகாது. போர்டு, கத்தி, இடம் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். கிளவுஸ் போட்ட கையால் மொபைலை எடுத்துவிட்டு அதே கையால் வெங்காயத்தை அள்ளினால் கிளவுஸ் போட்டதற்கு அர்த்தமே இல்லை.

தண்ணீர் விஷயம் இந்த ஊருக்கே உரிய சங்கடம். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, டேங்கர் வண்டிக்காகக் காத்துக் கிடந்தோம். அப்போது ஒரே தொட்டித் தண்ணீரில் நாள் முழுக்கத் தட்டு முக்கியெடுக்கும் பழக்கம் சில கடைகளில் வந்துவிட்டது. குறைக்க வேறு எத்தனையோ இடம் உண்டு. கை கழுவுவதிலும் தட்டு அலசுவதிலும் குறைக்கக் கூடாது. டேங்கர் தண்ணீரைக் காய்ச்சாமல், சுத்திகரிக்காமல் சட்னியில் ஊற்றவும் கூடாது.

சட்டம் சொல்லும் சிலவற்றையும் நினைவில் வையுங்கள். பொரித்த எண்ணெயில் டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து சேரும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்று கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை போட்டது. இட்லித் தட்டில் பிளாஸ்டிக் ஷீட் விரிப்பதற்கான தடை 2025-இல் வந்தது. நம் பாட்டிமார் விரித்த ஈரத்துணி போதும், தினமும் அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்தால்.

எனக்கு அதிகம் வலிக்கும் தவறு கடைசியாக வருகிறது. வயிற்றுப்போக்கோடு ஒருவர் தோசைக்கல் முன்னால் நிற்கிறார். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும், ஊருக்கு அனுப்பும் பணத்தில் துண்டு விழும். அதனால் வாயைத் திறப்பதில்லை. அவர் கழிப்பறைக்குப் போய்வந்து சரியாகக் கை கழுவாமல் தொட்டது, நூறு பேர் தட்டுக்குப் போகும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ நின்ற பிறகும் 48 மணி நேரம் அவர் உணவைத் தொடக் கூடாது. கையில் சீழ் வைத்த காயம் இருந்தாலும் சமையலை விட்டுக் கல்லாப் பக்கமோ ஸ்டோர் பக்கமோ அனுப்ப வேண்டும். "சோப்பு போட்டு 20 வினாடி கழுவு" என்று சுவரில் போர்டு மாட்டும் முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: உடம்பு சரியில்லை என்று வாய் திறந்து சொல்லும் பையனுக்கு அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான்.