நீரோட்டமானியைக் கடலில் இறக்குமுன் பண்ணைக்குட்டையில் சோதிப்பது எப்படி?

கடலூரில் படகு வைத்திருக்கும் மாமாவுக்காக ஒரு சாய்வு நீரோட்டமானி செய்தேன். கடலடியில் கட்டிய மிதவைக் குழாய் ஓட்டத்தில் சாயும். சாய்வை வைத்து வேகமும், உள்ளே இருக்கும் காந்தமானியை வைத்துத் திசையும் தெரியும். குழாய் ஒட்டுவது, சென்சார் இணைப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரே சோதனைக்குப் போகலாம்.

படி 1: திசை

நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்ட இடம் இது. மொட்டைமாடியில் நின்று, கருவியைக் காற்றில் எட்டுப் போட்டுச் சுழற்றி அளவுதிருத்தம் செய்தேன். குட்டையில் நேர்கிழக்கே இழுத்தால் வடகிழக்கு என்றது. தளத்துக்குள் இருக்கும் கம்பிதான் காரணம். கை ஓரடி நகர்ந்தாலே காந்தப்புலம் மாறிவிடுகிறது. சரி என்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குப் போனேன், அங்கேயும் பிழை. எங்கள் வீடு சேலம் பக்கம் கஞ்சமலை அடிவாரம். மலை முழுக்க மேக்னடைட் இரும்புத்தாது. ஓடை மணலில் காந்தத்தை வைத்து எடுத்தால் கருந்துகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

அதனால் முதலில் சாதாரண திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நேர்கோட்டில் இருபது அடி நடங்கள். முள் அசைந்தால் அந்த இடம் வேண்டாம். நான் கடைசியில் தள்ளியிருந்த ஒரு தரிசுக் காட்டில்தான் செய்தேன். பேட்டரியை உள்ளே வைத்து, மூடியை முடுக்கிய பிறகே சுழற்றுங்கள். பென்டார்ச் செல்லின் உறை இரும்பு. திருகாணிக்குப் பித்தளைதான் என் தேர்வு. ஸ்டெயின்லெஸ் என்று கடையில் தருவதில் பாதி காந்தத்தில் ஒட்டுகிறது.

இதில் இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. நம் கிழக்குக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கே போகும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே திரும்பும். 40 டிகிரி பிழையோடு இறக்கினால், தண்ணீர் கரையை ஒட்டிப் போகிறதா, கரையை நோக்கி வருகிறதா என்றே சொல்ல முடியாது.

படி 2: வேகம்

நிற்கிற தண்ணீரில் கருவியை இழுப்பதும் ஓடுகிற தண்ணீரில் கருவி நிற்பதும் ஒன்றுதான். தெர்மாகோல் தெப்பத்திலிருந்து எல் வடிவ பிவிசி பைப்பை இறக்கி, அதன் நுனியில் மிதவையைக் கட்டுங்கள். கரையில் பழைய 28 இன்ச் சைக்கிளைக் கவிழ்த்து, டயர் கழற்றிய பின்சக்கரத்தில் கயிற்றைச் சுற்றுங்கள். ரிம்மின் சுற்றளவு 2 மீட்டர். ஒரு சுற்றுக்கு 10 விநாடி என்றால் விநாடிக்கு 20 செ.மீ. மோட்டாரைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, ரிம்மில் இருக்கும் வால்வுத் துளையைப் பார்த்துக்கொண்டே சீராகச் சுற்றலாம். காற்று எழும் முன், விடிகாலையில், போக ஒரு தடவை வர ஒரு தடவை இழுத்து, சாய்வின் சராசரி எடுங்கள்.

பின்சேர்க்கை: நல்ல தண்ணீரில் எடுத்த அளவு கடலுக்குப் பொருந்துமா என்று தூத்துக்குடி வாசகர் ஒருவர் கேட்டார். அப்படியே பொருந்தாது. கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது, மிதவையை இன்னும் பலமாகத் தூக்கும், சாய்வு குறையும். குட்டையில் சோதிக்கும்போது குழாயின் எடையை 1.025-ஆல் வகுத்தால் வரும் எடைக்குக் குறைத்துக்கொண்டால் போதும். என் குழாய் 400 கிராம். எடைமையத்தில் இருக்கும் ஈயத்தில் 10 கிராமை எடுத்துவிட்டேன். கடலுக்குப் போகும்போது அதைத் திரும்பப் போட வேண்டும் என்று மூடியிலேயே பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.