வலைப்பக்கத்தில் ஸ்லாப் செரிஃப் எழுத்துருவில் நீண்ட கட்டுரை அமைப்பது எப்படி?

ஆங்கில எழுத்தின் முனைகளில் தட்டையான கட்டைப் பாதம் இருந்து, அதன் தடிமன் தண்டின் (எழுத்தின் முக்கிய நிமிர்கோட்டின்) தடிமனுக்கு ஏறக்குறைய சமமாக இருந்தால் அது ஸ்லாப் செரிஃப். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் விளம்பர எழுத்தாக வளர்ந்த பாணி. தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும் அதே குணம்தான் பத்திக்குள் தொல்லை தரும். ஆனால் போடோனி என்ற எழுத்துருவின் மயிரிழைக் கோடுகள் சிறிய அளவில் தேய்ந்து மறையும்போதும் இது நிற்கும். மறைந்துபோக இதில் மெல்லிய கோடே இல்லையே!

படி 1: எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ராக்வெல் (1934) வடிவியல் பாணி. அதன் O எழுத்து கிட்டத்தட்ட முழு வட்டம். தலைப்புக்கு அருமை, பத்திக்கு வேண்டாம். இலவசமாகக் கிடைப்பவற்றில் என் தேர்வு பிட்டர். சிற்றெழுத்துகள் உயரமானவை, சாய்வெழுத்தும் உண்டு.

படி 2: கனத்தைக் குறையுங்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான். கட்டைப் பாதங்கள் வரிசையாக நிற்பதால் ஒவ்வொரு வரிக்கடியிலும் கறுப்புப் பட்டை ஓடுவதுபோல் தெரியும். பக்கத்தை 50 சதவீதமாகச் சுருக்கி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். பத்தி சீரான சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும்; கோடுகோடாகத் தெரிந்தால் வழக்கமான 400 கனத்தை 350 அல்லது 300 ஆக்குங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இன்னும் தடித்துத் தெரியும் என்பதால் அங்கே 300க்கு மேல் போக வேண்டாம். எழுத்திடைவெளியை ஒருபோதும் நெருக்காதீர்கள். பாதங்கள் முட்டிக்கொண்டு, r, n இரண்டும் சேர்ந்து m போல ஆகிவிடும்.

படி 3: அளவு 18 பிக்சல், வரி உயரம் எழுத்தளவின் 1.55 மடங்கு, வரிக்கு 60 முதல் 70 எழுத்துகள்.

படி 4: சாய்வெழுத்தைச் சோதியுங்கள். ரோபோட்டோ ஸ்லாப் என்ற இன்னொரு எழுத்துருவில் சாய்வெழுத்தே கிடையாது. அப்போது உலாவி நேரெழுத்தை இயந்திரத்தனமாகச் சாய்த்துவிடும். தண்டு சாயும், பாதம் கிடையாகவே இருக்கும். இரண்டும் சேரும் மூலை கூர்ந்து ஒடிந்ததுபோல் தோன்றும். இதைத் தடுக்க, வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் font-synthesis பண்புக்கு none என்று கொடுத்து, அழுத்தம் வேண்டிய சொல்லுக்குத் தடித்த எழுத்தைப் பயன்படுத்துங்கள். பிட்டரிலும் இதே கோளாறு தெரிந்தால், சாய்வெழுத்துக் கோப்பை இணைக்க மறந்திருப்பீர்கள். தடித்த எழுத்தின் கோப்பு இல்லாவிட்டாலும் இப்படித்தான்: போலித் தடிமனில் a, e எழுத்துகளின் உட்துளைகள் அடைபடும்.

பின்சேர்க்கை: கட்டுரையில் தமிழும் கலந்து வந்தால்? இந்த எழுத்துருக்களில் தமிழ் இல்லை. கருவியில் இருக்கும் ஏதோ ஒன்றை உலாவி எடுத்துக்கொள்ளும். எனவே தமிழுக்குத் தனி எழுத்துரு கொடுங்கள். தமிழ் எழுத்துக்குப் பாதம் கிடையாது, ஆகவே தடிமனை வைத்தே பொருத்த வேண்டும். கோடு ஒரே சீராக ஓடும் முக்தா மலர் என்ற தமிழ் எழுத்துரு நன்றாகச் சேரும். தடிப்பும் மெலிவும் மாறி வரும் நோட்டோ செரிஃப் தமிழ் அவ்வளவாகச் சேராது. சிஎஸ்எஸ்ஸின் எழுத்துருப் பட்டியலில் (font-family) பிட்டர் முதலில், முக்தா மலர் அடுத்து. மாற்றி எழுதினால் முக்தா மலருக்குள்ளேயே இருக்கும் ஆங்கில எழுத்துகள் வந்துவிடும், பிட்டர் கண்ணிலேயே படாது. கி, கூ போன்றவற்றின் கொக்கிகள் மேலும் கீழும் நீள்வதால் வரி உயரத்தை 1.7 ஆக்குங்கள்.