தைராய்டு மாத்திரையும் தலைகீழாகப் படிக்கப்படும் எண்ணும்

“எனக்குத் தைராய்டு இருக்கிறது” என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது. கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில், ஏறத்தாழ 20 கிராம் எடையுடன் அமைந்திருக்கும் நாளமில்லாச் சுரப்பி அது. சுரப்பியின் பெயரே நோயின் பெயராகிவிட்டதால், அது குறைவாகச் சுரக்கிறதா, அதிகமாகச் சுரக்கிறதா என்ற முதல் கேள்வி விடுபட்டுப் போகிறது. இரண்டுக்கும் சிகிச்சை நேரெதிரானது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை, “எனக்கும் அதே தைராய்டுதானே” என்று இன்னொருவர் வாங்கி விழுங்கும் வழக்கம் இந்தக் குழப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஆய்வகச் சீட்டில் டிஎஸ்எச் 12 என்று இருந்தால், “தைராய்டு கூடிவிட்டது” என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். உண்மை அதற்கு மாறானது. டிஎஸ்எச் தைராய்டு சுரப்பதன்று. மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் ஏவல் அது. மாடித் தொட்டியின் மிதவை வால்வை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்: நீர்மட்டம் இறங்கினால் மிதவை தாழ்ந்து வால்வு திறக்கிறது, தொட்டி நிறைந்தால் மூடிக்கொள்கிறது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் இரத்தத்தில் குறையும்போது பிட்யூட்டரி டிஎஸ்எச்சைக் கூட்டுகிறது. தைராக்சின் மிகும்போது குறைக்கிறது. ஆகவே, வழக்கமாக 0.4 முதல் 4 வரை இருக்கும் அந்த எண் 12 ஆகியிருந்தால், தைராய்டு தேவைக்கேற்பச் சுரக்கவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். பிட்யூட்டரியே பழுதுபட்டிருந்தால் தைராக்சின் குறைந்தும் டிஎஸ்எச் இயல்பான அளவிலேயே நிற்கக்கூடும். ஐயம் எழும்போது மருத்துவர் ஃப்ரீ டி4 எனப்படும், இரத்தத்தில் கட்டுறாமல் உலவும் தைராக்சினின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

குறைவாகச் சுரப்பதை ஈடுகட்டும் தைராக்சின் மாத்திரையைத் தொடங்கிப் பத்து நாளில் மறுபடியும் இரத்தம் கொடுத்துவிட்டு, “எண் இறங்கவே இல்லை” என்று கவலைப்படுவது அடுத்த தவறு. உடலில் உள்ள தைராக்சினில் பாதி கழிய ஏறத்தாழ 7 நாள் ஆகிறது. புதிய அளவு இரத்தத்தில் நிலைபெறவும் பிட்யூட்டரி அதற்கேற்ப இசையவும் ஆறு வாரமாவது வேண்டும். அதற்கு முன் கிடைக்கும் எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் வீண். அளவும் மிக நுண்ணியது: நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் எடுப்பவருக்கு ஒரே ஒரு கிராம் தைராக்சின் 27 ஆண்டுகளுக்கு வரும். இவ்வளவு சிறிய அளவில் இயங்கும் ஒன்றைக் கண்மதிப்பில் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வது சரியன்று.

எண் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடுவது இவை எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். எண் சரியானதே மாத்திரையால்தான். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைபாட்டுக்கு முதன்மையான காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே அச்சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய். இதில் மாத்திரை, சுரப்பி தராததை வெளியிலிருந்து ஈடுசெய்கிறதே தவிர, சுரப்பியைக் குணப்படுத்துவதில்லை. 1891இல் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே கொடுத்து ஒரு பெண்ணைத் தேற்றினார். சிகிச்சை தொடர்ந்ததால் அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி போன்ற சிலவற்றில் சுரப்பி தானே மீள்வதுண்டு. ஆனால் அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரம் எடுத்துவிட்டுச் சட்டென நிறுத்துவது இதைவிட ஆபத்தானது. வெளியிலிருந்து வருவதைக் கண்டு பிட்யூட்டரி தன் ஏவலை அடக்கிவிட்டிருக்கும். அதனால் தூங்கிப்போன அட்ரீனல் சுரப்பி, அதாவது சிறுநீரகத்தின் மேலிருந்து உடலுக்கான ஸ்டீராய்டைச் சுரப்பது, உடனே விழிப்பதில்லை.

நம் வீடுகளில் எளிதில் நேரும் பிழை ஒன்று காலைக் காபியோடு வருகிறது. மாத்திரையைப் போட்ட கையோடு ஃபில்டர் காபியைக் குடித்தால், மருந்து குடலில் உறிஞ்சப்படுவது குறைகிறது. வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியும் சிற்றுண்டியும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் அது முடியாதவர்கள் மருத்துவரைக் கேட்டு, இரவு உணவுக்கு மூன்று மணி நேரத்துக்குப் பின் எடுக்கலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. காலை மாத்திரைகளை எல்லாம் மொத்தமாக உள்ளங்கையில் கொட்டி விழுங்குவோர், தங்களுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மாத்திரைப் புட்டியை அடுப்பருகிலோ குளியலறையிலோ வைக்கக் கூடாது. வெப்பமும் ஈரமும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும்.

முடி உதிர்வுக்காகப் பயோட்டின் என்ற வைட்டமினை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிட வேண்டும். சில ஆய்வு முறைகளில் அது டிஎஸ்எச்சைக் குறைவாகவும் தைராக்சினை மிகுதியாகவும் பொய்யாகக் காட்டும்; இதுகுறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் எச்சரித்தது.

உடல் எடை முழுவதையும் தைராய்டின் தலையில் போடுவதும் பொருந்தாது. குறைபாட்டால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும்பகுதி உப்பும் நீருமே. சுரப்பி நன்றாக இருக்கும்போது இளைப்பதற்காக இம்மாத்திரையை எடுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். தைராய்டைக் கெடுத்துவிடும் என்று முட்டைக்கோஸைச் சமைத்து அளவாக உண்ண அஞ்ச வேண்டியதில்லை. அயோடின் உப்புப் போதும்; ஹஷிமோட்டோ உள்ளவர்கள் அதற்கு மேல் அயோடின் மாத்திரைகளைத் தாமாக எடுத்தால் நிலைமை மோசமாகவும் கூடும்.

கருவுற்றதும், குழந்தைக்கு ஏதேனும் ஆகிவிடுமோ என்று பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. முதல் மூன்று மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. அக்காலத்தில் பலருக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியும் வரும். கரு உறுதியானவுடனே மருத்துவரைப் பார்த்து டிஎஸ்எச்சைச் சோதிக்க வேண்டும். பிள்ளை பிறந்தபின் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரம் கழித்து மீண்டும் சோதிப்பார்கள்.