கோடு விழுந்ததும் கிளீனிங் போடாதீர்கள்

பெரிய பிரிண்டரில் பேனரோ வினைலோ ஓடும்போது குறுக்கே கோடு விழுந்தால், யாருக்கும் கை முதலில், மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் கிளீனிங் பட்டனுக்குத்தான் போகும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் நிறுத்தச் சொல்வது அதைத்தான். ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல மையை உறிஞ்சி வேஸ்ட் பாட்டிலில் கொட்டுகிறது. அடுத்தடுத்துப் போட்டால் காற்று ஏறி, நன்றாக இருந்த நாசிலும், அதாவது ஹெட்டில் மை வரும் நுண்துளையும், விட்டுப்போகும்.

முதலில் ஒரு நாசில் செக் எடுங்கள்; எல்லா நாசிலும் மை விடுகிறதா என்று காட்டும் சோதனை அச்சு அது. கூடவே சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கையும் பக்கம் பக்கமாக, ஒரு சாண் அகலத்துக்கு முழு நிறமாக அடித்துப் பாருங்கள். கோடு மஜந்தாவில் மட்டும் தெரிந்தால் மஜந்தா நாசிலில் கோளாறு. நான்கு நிறத்திலும் ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில் தெரிந்தால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். மீடியா, அதாவது அச்சடிக்கும் பேனரோ வினைலோ, நகர்வதில்தான் பிழை.

இதை நான் கற்றது ஒரு நீளமான பேனரில். முதல் இரண்டு மீட்டர் கண்ணாடி மாதிரி வந்தது. அப்புறம் கருங்கோடு. ஆபரேட்டர் தம்பி நான்கு தடவை கிளீனிங் போட்டுவிட்டார். நாசில் செக் ஒவ்வொரு முறையும் முழுசாக இருந்தது. சந்தேகப்பட்டு, ஓடும்போதே பின்பக்க ரோல் மேல் விரலை லேசாக வைத்தேன். சீராகச் சுழலாமல், ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு இழுப்பு, ஒரு உதறல். ரோலின் ஓரம் பக்கத்தட்டில் உரசிக்கொண்டிருந்தது. கழற்றி நடுவில் நேராக மாட்டியதும் கோடு போய்விட்டது.

காரணம் எளிது. மீடியா போக வேண்டிய தூரம் போகாவிட்டால் ஒரு வரிசை அடுத்ததன் மேல் ஏறும், கருங்கோடு விழும். அதிகமாகப் போனால் இடைவெளி விட்டு வெள்ளைக்கோடு விழும். 500 மி.மீ. நகரச் சொல்லி இரண்டு குறி அச்சடித்து, ஸ்கேலால் அளந்து பாருங்கள். 499 வந்தால் 0.2 சதவீதம் குறைவு. அந்த அளவு ஃபீடை, அதாவது மீடியா நகரும் தூரத்தை, கூட்டுங்கள். ஆனால் ஹீட்டர் சூடேறிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். குளிர்ந்த வினைலும் சூடான வினைலும் ஒரே மாதிரி நகராது. ஃபீட் ரோலரில் படிந்த தூசியையும் அப்போதே பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

சரி, நாசில்தான் கோளாறு என்று தெரிந்தால், செக்கை மூன்று தடவை எடுத்து அடுக்கிப் பாருங்கள். மூன்றிலும் அதே இடம் விட்டிருந்தால் அடைப்பு. லேசான கிளீனிங் ஒன்று, செக், இன்னொன்று, செக். அதோடு நிறுத்தி ஒரு மணி நேரம் விடுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம் விட்டால் காற்று, அல்லது ஓடாத நேரத்தில் ஹெட்டை மூடும் கேப் சரியாக மூடவில்லை. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மெஷினுக்கு உரிய கிளீனிங் திரவத்தில் ஸ்வாப்பை நனைத்து, கேப்பின் ரப்பர் விளிம்பையும், ஹெட்டின் அடியைத் துடைக்கும் வைப்பரையும் துடையுங்கள். விளிம்பில் மை உறைந்து ஒரு நூல் கனம் நின்றாலே உறிஞ்சல் பிடிக்காது. ஹெட்டின் அடிப்பரப்பை மட்டும் டிஷ்யூவால் தேய்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

முழு நிறம் அடிக்கும்போது மட்டும் மங்கி, பத்து நிமிடம் விட்டால் தானாகத் திரும்பி வருகிறதா? அது அடைப்பில்லை, மை வரத்துக் குறைவு. ஹெட்டுக்கு மை போகும் வழியில் உள்ள சிறு மை அறையான டேம்பரையும் மைக் குழாயையும் பாருங்கள்.

எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அதே ஃபைலை ஒரு திசையில் மட்டும் அடியுங்கள். கூர்மையாக வந்தால் இருதிசை அலைன்மென்ட் தப்பியிருக்கிறது; ஹெட் போகும்போதும் வரும்போதும் அடிப்பது ஒரே இடத்தில் விழவில்லை. ஹெட் உயரத்தையோ மீடியா கனத்தையோ மாற்றினால் அதை மறுபடி செய்தே ஆகவேண்டும். உயரம் தேவைக்கு மேல் இருந்தால் ஓரங்கள் புகை படிந்தது போல வரும். குறைவாக இருந்தால், சுருண்ட ஓரத்தில் ஹெட் உரசி மை இழுபடும். அது ஹெட்டுக்கே ஆபத்து. உடனே நிறுத்தி, சுருண்ட முனையை வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

படம் பக்கவாட்டில் திடீரென்று நகர்ந்தால், ஹெட் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குக் காட்டும் என்கோடர் ஸ்ட்ரிப்பில் மைத்துளி இருக்கலாம். பவரை அணைத்து, நூல் பிரியாத துணியால் மெதுவாகத் துடையுங்கள்.

நிறம் மாறி வருகிறது என்ற புகாரைக் கடைசியாக எடுங்கள். நாசில் விட்டாலே நிறம் மாறும். அது முழுசாக இருந்தால், ஃபைலை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருளில், மீடியாவுக்கான புரொஃபைல் (நிற அமைப்பு) சரியா என்று பாருங்கள்.

ஒவ்வொரு ரோலுக்கும் சரிப்பட்டு வந்த ஃபீட் எண்ணையும் ஹீட்டர் சூட்டையும் அதன் அட்டைக் குழலின் உட்புறம் மார்க்கரால் எழுதிவிடுகிறேன். பாதி ரோலைக் கழற்றி வைத்துவிட்டு மாதம் கழித்து எடுத்தாலும் எண் அங்கேயே இருக்கும்.