தெருவை மாத்தணும்னா தெருக்காரங்களோட சேர்ந்து மாத்துங்க

தெரு எப்படி மாறப்போகுதுங்கற வரைபடத்த மொதல்லயே காட்டாதீங்க, காட்டினா எல்லாரும் தலையாட்டிட்டு போயிடுவாங்க. காலைல, மதியம், ராத்திரின்னு தெருவுலயே நின்னு யார் எங்க உக்கார்றாங்க, நிழல் எங்க விழுது, மழைத்தண்ணி எங்க தேங்குதுன்னு பாருங்க, பூ விக்கிற அக்கா, ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன், ஸ்கூல் பசங்கன்னு தனித்தனியா பேசுங்க, ஏன்னா கூட்டம் போட்டா வீட்டு ஓனருங்க குரல்தான் பெருசா கேக்கும்.

அப்புறம் சாக்பீஸ்ல தரையிலயே நிஜ அளவுக்கு கோடு போட்டு, சேர், பூந்தொட்டி வச்சு ஒரு ஞாயித்துக்கெழம நடத்திப் பாருங்க, இதத்தான் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க! சென்னை பாண்டி பஜார்ல 2019ல நடைபாதை வளாகம் திறக்கறதுக்கு முன்னாடி தடுப்பு வச்சு ட்ரையல் பாத்தாங்க.

சரிவந்தத மட்டும் எழுதி கையெழுத்து வாங்கி கவுன்சிலர்கிட்டயும் ஏரியா சபையிலயும் (வார்டுக்குள்ள அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசற கூட்டம்) குடுங்க, பராமரிப்பு யார் பொறுப்புன்னும் அப்பவே கேட்டுடுங்க.