டெமோ செய்யப் போய்க் காசைத் தொலைக்கும் வழிகள்

டெமோ, அதாவது வானொலிக்கும் மற்றவர்களுக்கும் கேட்கக் கொடுக்கும் மாதிரிப் பதிவு, செய்ய ஆசை வரும்போது பாட்டு இன்னும் முடிந்திருக்காது. சரணத்தில் இரண்டு வரி இழுத்துக்கொண்டு நிற்கும். அதற்குள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கண்டென்சர் மைக்குக்கு விலை கேட்டுக்கொண்டிருப்போம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கையில் இருந்த காசெல்லாம் மைக்குக்கே போய்விட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து பாடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது என் குரலை மட்டுமல்ல, வெள்ளவத்தையையே பதிவு செய்கிறது என்று. கரையோர ரயில், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், காகம் எல்லாம் உள்ளே வந்திருந்தன. அன்று நன்றாக அமைந்த ஒரே டேக்கில், இரண்டாவது சரணத்தில், பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ போகிறது. பீத்தோவனோடு சேர்ந்து பாடியவன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கண்டென்சர் கூடாது என்றில்லை, அதற்கு அமைதியான அறை வேண்டும். நம்முடைய அறைகளுக்கு மேடையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்தான் பெரும்பாலும் தோது. அது கிட்ட இருக்கும் குரலைத்தான் நன்றாகப் பிடிக்கும். நாலைந்து விரற்கடை தூரத்தில் நின்று, ‘ப’, ‘ப்ப’ வெடிக்காமல் வாயைச் சற்றே பக்கவாட்டில் வைத்துப் பாடினால் போதும். பெரும்பாலான பாட்டு மைக்குகள் பின்பக்கச் சத்தத்தைக் குறைவாகவே எடுக்கும். அதனால் மைக்கின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கட்டும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரி இருந்தால் கதவைத் திறந்து விடுங்கள். முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டுபவர்களை இன்னமும் பார்க்கிறேன். அது வெளிச் சத்தத்தை நிறுத்தாது, கரப்பானைத்தான் கூட்டிவரும். ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும். வியர்க்கும், என்ன செய்வது?

ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு வேறு. அங்கே மணிக்கணக்குக்குக் காசு. முதல் மணித்தியாலம் எந்தக் கட்டையில் பாடுவது என்ற பேச்சிலேயே போய்விடும். இதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கரோக்கி எந்தச் சுருதியில் கிடைத்ததோ அதிலேயே வீட்டில் பாடிப் பழகியிருப்பார்கள். அது அந்தப் பின்னணிப் பாடகரின் தொண்டைக்குப் போட்ட சுருதி. உச்சத்தில் குரல் கீச்சிட்டால் ஒரு கட்டை இறக்கிப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டிலேயே போனில் ஒரு தம்பூரா செயலியை வைத்து, பாட்டின் மிக உயர்ந்த வரியையும் மிகத் தாழ்ந்த வரியையும் மாறி மாறிப் பாடினால் பத்து நிமிடத்தில் உங்கள் கட்டை தெரிந்துவிடும். பிறகு வேகத்தையும் முடிவு செய்து, கிளிக்கோடு, அதாவது தாளம் தட்டும் ஒலியோடு, வழிகாட்டியாக ஒரு கைட் ட்ராக் பாடி எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போங்கள். காது மூடிய ஹெட்போன் இல்லையென்றால் அந்தக் கிளிக் குரலோடு சேர்ந்து பதிவாகிவிடும், பிறகு பிரித்தெடுக்க முடியாது.

பதிவு செய்யும்போது மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது. 24 பிட்டில் பதிவு செய்தால், உச்சச் சத்தமே மைனஸ் 10 டெசிபெல் அளவில் நின்றாலும் தரம் குறையாது. மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் சும்மா பாவித்துப் பார்க்கலாம். கடைசியில் எல்லாவற்றையும் சத்தமாக நசுக்கி வைப்பதும் வீண் வேலை. ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் வழமையாக மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் கொண்டுவருகிறது. நீங்கள் ஏற்றியதை அது இறக்கிவிடும், நசுங்கியது மட்டும் மிஞ்சும். எக்கோவை அள்ளிக் கொட்டுவதும் அப்படித்தான், சொற்கள் கரைந்துபோகும்.

சரி, டெமோவில் எத்தனை பாட்டு? மூன்றுக்கு மேல் வேண்டாம். மிகச் சிறந்ததை முதலில் வையுங்கள். கடைசிக்கு என்று எடுத்து வைத்தால் அதுவரை யாரும் கேட்கப் போவதில்லை. நாற்பது விநாடி புல்லாங்குழல் முன்னிசை மேடைக்கு அழகு, டெமோவுக்குப் பாரம். ஸ்பொட்டிஃபை 30 விநாடி கேட்டால்தான் அதை ஒரு தடவையாகக் கணக்கில் எடுக்கும். வானொலியில் பாட்டுத் தெரிவு செய்பவர் அவ்வளவு நேரம்கூடப் பொறுப்பார் என்று நான் நம்பவில்லை. மூன்றில் ஒன்றாவது சொந்தப் பாட்டாக இருக்கட்டும்.

யூடியூபில் ‘ஃப்ரீ பீட்’ என்று கிடக்கும் பின்னணி இசையின்மேல் பாடுபவர்கள் அதன் கீழே எழுதியிருப்பதை வாசிப்பதில்லை. பல இடங்களில் ‘காசு உழைக்காத பாவனைக்கு மட்டும்’ என்றே இருக்கும். பாட்டை வெளியிட்ட பிறகு கண்டென்ட் ஐடி (யூடியூப் தானாகவே உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் முறை) உரிமைகோரல் வந்தால் வருமானம் வேறு யாருக்கோ போகும். வரி எழுதித் தரும் நண்பரோடும் பங்கை முன்கூட்டியே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வட்ஸ்அப்பில் என்றாலும் சரி. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே எழுதியவருக்கு உரிமை உண்டு. அதாவது வரிகள் அவருடையவை, நீங்கள் பாடினீர்கள் என்பதால் உங்களுடையவை ஆகாது.

அனுப்பும் இடத்திலும் காரியம் கெடும். சூரியன், சக்தி, வசந்தம், தென்றல் என்று வானொலிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னஞ்சலை, எல்லா முகவரியும் தெரியும்படி அனுப்பாதீர்கள். எந்த நிகழ்ச்சியில் புதுப் பாட்டுப் போடுகிறார்கள் என்று ஒரு கிழமை கேட்டுவிட்டு, அந்த நிகழ்ச்சியின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பெரிய வேவ் கோப்பை இணைக்காமல், திறக்க அனுமதி கேட்காத ஒரு லிங்க் அனுப்பினால் போதும். வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் குரல் பதிவாக அல்ல, டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயர் ‘ஃபைனல் நியூ 2’ என்று இருக்கவே கூடாது. உங்கள் பெயர், பாட்டின் பெயர், தொலைபேசி இலக்கம் மூன்றும் அதிலேயே இருக்கட்டும்.

மிக்ஸிங் முடிந்த அன்றிரவே ஸ்பொட்டிஃபையில் ஏற்றிவிடத் துடிப்பதும் வேண்டாம். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அவர்களிடம் பாட்டை முன்வைத்தால்தான், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலில் நீங்கள் விரும்பும் பாட்டு வரும். நான் மூன்று கிழமை விட்டுத்தான் திகதி போடுகிறேன். ஸ்டூடியோவை விட்டு வெளியே வருமுன் குரல் இல்லாத இசையையும் தனியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டெமோ பிடித்துப்போய் நேரலையில் பாடக் கூப்பிட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.